60 கோல் அடித்த தொழிலாளி

மாலை நேரத்தில் நம் பல்கலைக் கழகத் திடலில் பந்தாடும் நண்பர்களைக் கவனித்தால் ஓர் உண்மை விளங்கும். அணி பிரிக்கும்போது கோல் காக்க ஆள் கிடைப்பது அரிது. பின்னணியில் நிற்கவும் பலர் தயங்குவர். முன்னணியில் நின்று கோல் அடிக்க மட்டும் பதினொரு பேரும் முன்வருவர். கோல் அடித்தவன் பெயரைத்தான் திடல் கூவும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோலையே பிழைப்பாகக் கொண்டு, வாரக் கூலிக்கு அதை அடித்துக் கொடுத்த மனிதர் ஒருவரின் வாழ்வு எப்படி இருந்திருக்கும் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

அத்தகைய ஒருவரைப் பற்றியதே இக்கட்டுரை. அவர் பெயர் வில்லியம் ரால்ஃப் டீன். உலகம் அவரை டிக்ஸி டீன் என்றே அறியும். 1927-28 ஆம் ஆண்டுப் பருவத்தில், இங்கிலாந்து லீக்கின் முதற் பிரிவில், எவர்ட்டன் கழகத்துக்காக 39 ஆட்டங்களில் 60 கோல்களை அவர் அடித்தார். ஒரு நூற்றாண்டு நெருங்கப் போகிறது; அந்த எண்ணிக்கையை அங்கே எவரும் எட்டவில்லை. 2022-23 இல் நார்வே நாட்டு வீரர் எர்லிங் ஹாலண்ட் 36 கோல்கள் அடித்தபோது உலகமே வியந்தது. அதுவும் டீனின் கணக்குக்கு 24 குறைவுதான். இவ்வளவு செய்தவருக்குக் கிடைத்த கூலி வாரத்துக்கு எட்டுப் பவுன். அவருடைய வாழ்க்கையைப் படிப்பவர் இந்த இரண்டு கணக்குகளையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஆற்றின் இக்கரையும் அக்கரையும்

இங்கிலாந்தின் மேற்குக் கரையில் மெர்ஸி ஆறு கடலோடு கலக்கிறது. ஆற்றின் ஒரு கரையில் லிவர்ப்பூல், எதிர்க்கரையில் பர்க்கன்ஹெட். கப்பல் கட்டுவோரும், துறைமுகத்தில் சுமை ஏற்றுவோரும், ரயில்வே ஊழியரும் நெருங்கி வாழ்ந்த ஊர் அது. அங்கே 1907 ஜனவரி 22 ஆம் நாள் டீன் பிறந்தார். தந்தை ரயில்வேயில் வேலை பார்த்தவர். அவருடைய வீடும் அந்தத் தெருவிலுள்ள மற்ற வீடுகளைப் போன்றதே: ஆட்கள் அதிகம், இடம் குறைவு.

அப்போது இங்கிலாந்தில் கால்பந்து ஒரு தொழிலாகி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. 1885 இல் ஆட்டக்காரருக்குக் கூலி கொடுப்பது சட்டப்படி ஏற்கப்பட்டது. 1888 இல் பன்னிரண்டு கழகங்கள் கூடி லீக் போட்டியைத் தொடங்கின. நம் நாட்டில் சிம்லாவில் டியூராண்டு கோப்பை தொடங்கியதும் அதே 1888 இல்தான். அந்தப் பன்னிரண்டு கழகங்களுள் ஒன்று லிவர்ப்பூல் நகரத்து எவர்ட்டன். அதன் திடலுக்குக் குடிசன் பார்க் என்று பெயர். சனிக்கிழமை நண்பகலில் ஆலையும் துறைமுகமும் வேலை முடிந்து ஓய்ந்ததும், தொழிலாளர் கூட்டம் கட்டணம் கொடுத்து அங்கே போய் நிற்கும். அமர்ந்து பார்ப்போர் சிலர். நின்று பார்ப்போர் பல்லாயிரவர்.

எட்டு வயதுச் சிறுவனான டீனை அவன் தந்தை ஒரு நாள் ஆற்றைக் கடந்து குடிசன் பார்க்குக்கு அழைத்துச் சென்றார். அந்த 1914-15 பருவத்தில் எவர்ட்டன் லீக்கை வென்றது. அன்று முதல் அந்த நீல நிறச் சட்டையை அணிய வேண்டும் என்பதே சிறுவனின் ஒரே ஆசையாயிற்று.

படிப்பில் அவன் மனம் செல்லவில்லை. பர்க்கன்ஹெட்டில் குற்றம் செய்த சிறுவர்களைத் தங்கவைத்துத் திருத்தும் தொழிற்பள்ளி ஒன்று இருந்தது. அங்கே நல்ல பந்துத் திடலும், ஓர் அணியும் இருந்தன. டீன் எந்தக் குற்றமும் செய்யாதவன். ஆனாலும் பந்தாடுவதற்காகவே அவன் அங்கே போய்ச் சேர்ந்தான். வீட்டில் இடநெருக்கடி, ஆகவே பெற்றோரும் இசைந்தனர். உடனிருந்த சிறுவர்கள் தன்னை வேறுபட்டவனாக எண்ணக் கூடாதே என்று, தானும் திருடிப் பிடிபட்டவன் என்றே அவர்களிடம் சொல்லி வைத்தானாம். பிற்காலத்தில் நாடறிந்த வீரரான பிறகும் தம்மை மற்றவரினும் உயர்ந்தவராகக் காட்டிக்கொள்ளாத அவருடைய குணத்துக்கு இது முதல் சான்று.

பதினான்கு வயதில் பள்ளியை விட்டதும் ரயில்வேயில் பிட்டர் வேலை பழகச் சேர்ந்தான். பிறர் வெறுக்கும் இரவு வேலையை அவன் விரும்பி ஏற்றான். இரவில் உழைத்தால் பகலில் பந்தாடலாம் அல்லவா?

3,000 பவுன்

பர்க்கன்ஹெட்டில் டிரான்மியர் ரோவர்ஸ் என்றொரு சிறு கழகம் உண்டு. அது மூன்றாம் பிரிவில் ஆடி வந்தது. டீன் பதினாறு வயதில் அதில் சேர்ந்தார். அங்கே ஆடிய 30 லீக் ஆட்டங்களில் 27 கோல்களை அடித்தார். பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் ஆட்டத்துக்கு ஒரு கோல் என்ற கணக்கில் அடித்தால் பெரிய கழகங்கள் சும்மா இருக்குமா? பல கழகங்கள் ஆள் அனுப்பின.

1925 மார்ச்சில் எவர்ட்டன் கழகத்தின் செயலாளர் பர்க்கன்ஹெட்டில் ஒரு ஹோட்டலில் வந்து காத்திருந்தார். செய்தி கேட்ட டீன் வண்டிக்குக் காத்திராமல் இரண்டு மைலுக்கு மேல் ஓடியே அங்கே போய்ச் சேர்ந்தார். எட்டு வயதில் கண்ட கனவு. அதற்கு வேறென்ன யோசனை வேண்டும்? கையெழுத்திட்டார்.

எவர்ட்டன் அவருக்காக டிரான்மியர் கழகத்துக்குக் கொடுத்த விலை 3,000 பவுன். இங்கே பவுன் என்பது இங்கிலாந்து நாணயம். இந்தத் தொகை எவ்வளவு பெரிது என்பதை அறிய, அக்காலத்துச் சம்பள விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். லீக்கில் ஆடும் எந்த வீரருக்கும், அவர் எவ்வளவு கெட்டிக்காரராயினும், ஆட்டப் பருவத்தில் வாரத்துக்கு எட்டுப் பவுனும், கோடை விடுமுறையில் ஆறு பவுனும்தான் கொடுக்கலாம். அதற்கு மேல் கொடுக்கக் கூடாது. 3,000 பவுன் என்பது எட்டுப் பவுன் வீதம் 375 வாரக் கூலி. அதாவது ஏழாண்டுக்கும் மேற்பட்ட உழைப்பின் விலை. அந்தப் பணம் ஒரு கழகத்திலிருந்து மற்றொரு கழகத்துக்குப் போயிற்று. அதில் தம் பெற்றோருக்கு ஒரு நல்ல பங்கு வரும் என்று தாம் நம்பியிருந்ததாகவும், முடிவில் கிடைத்தது 30 பவுன் மட்டுமே என்றும் டீன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

விதி மற்றொன்றும் இருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும், கழகம் இசையாமல் வீரர் வேறு கழகத்துக்குப் போக முடியாது. கழகம் விரும்பினால் விற்கலாம், விரும்பாவிட்டால் வைத்துக்கொள்ளலாம். ஆலைத் தொழிலாளிக்குக்கூட வேலையை விட்டுப் போகும் உரிமை உண்டு. இவர்களுக்கு அதுவும் இல்லை. எட்டுப் பவுன் அன்றைய தொழிலாளியின் கூலியோடு பார்த்தால் நல்ல வருவாய்தான். ஆனால் ஒரு ஷில்லிங் கொடுத்து வரும் 160 பேர் போதும், அந்த எட்டுப் பவுன் தேறிவிடும். டீன் ஆடும் நாளில் வந்தவர்களோ பல்லாயிரவர்.

விபத்து

எவர்ட்டனில் முதல் முழுப் பருவமான 1925-26 இல் டீன் 38 ஆட்டங்களில் 32 கோல்கள் அடித்தார். அந்தக் கோடையில், 1926 ஜூனில், வட வேல்ஸ் பகுதியில் மோட்டார் சைக்கிளில் சென்றுகொண்டிருந்தபோது எதிரே வந்த வண்டியோடு மோதினார். மண்டை ஓடு பிளந்தது, தாடை உடைந்தது. ஒரு நாளுக்கும் மேலாக நினைவின்றிக் கிடந்தார். உயிர் பிழைத்தாலும் இனிப் பந்தாடுவது இயலாது என்று மருத்துவர்கள் அஞ்சினர். பந்தைத் தலையால் முட்டுவதை நினைத்தும் பார்க்கக் கூடாது என்ற நிலை.

அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. கூலிக்கு ஆடும் வீரனுக்கு உடம்புதான் முதல். அது போனால் மீண்டும் ரயில்வேக்குத்தான் போக வேண்டும். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் டீன் திடலுக்குத் திரும்பிவிட்டார். திரும்பி வந்ததும் கோல் அடித்தார். அதுவும் தலையால் அடித்தார். அந்தப் பருவத்தில் ஆடியது 27 ஆட்டங்கள்தான். அடித்த கோல்கள் 21. அவர் தலைக்குள் மருத்துவர்கள் இரும்புத் தகடு வைத்துவிட்டார்கள், அதனால்தான் பந்து அப்படிப் பாய்கிறது என்று ஊரில் ஒரு கதை பரவியது. உண்மையில் தகடு ஒன்றும் இல்லை. மக்கள் தங்களுக்கு விளங்காத திறமைக்கு ஒரு காரணம் தேடினார்கள், அவ்வளவே.

அந்த 1927 ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து நாட்டு அணியிலும் இடம் கிடைத்தது. முதல் ஐந்து ஆட்டங்களில் 12 கோல்கள். ஸ்காட்லாந்துக்கு எதிராகக் கிளாஸ்கோ நகரில் நடந்த ஆட்டத்தில் இரண்டு கோல்களையும் அவரே அடித்து இங்கிலாந்தை வெல்ல வைத்தார். 1904 க்குப் பிறகு அந்த நகரில் இங்கிலாந்து பெற்ற முதல் வெற்றி அது.

அறுபது எப்படி வந்தது?

டீன் தனி மனிதராக 60 கோல்களை அடித்தார் என்று சொல்வது வழக்கம். அதற்குப் பின்னால் மூன்று காரணங்கள் இருந்தன. அவற்றை அறிந்தால் வியப்பு குறையாது, மிகும்.

முதற் காரணம் சட்டம். 1925 கோடையில் ஆஃப்சைடு விதி மாற்றப்பட்டது. அதுவரை, பந்து தனக்கு அனுப்பப்படும் வேளையில் முன்னணி வீரனுக்கும் எதிரியின் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும். பின்னணியினர் இதைப் பயன்படுத்திச் சற்று முன்னே நகர்ந்து நின்று, வந்தவரையெல்லாம் ஆஃப்சைடில் சிக்கவைத்தனர். ஆட்டம் சலிப்பூட்டலாயிற்று. புதிய விதிப்படி இருவர் இருந்தால் போதும் என்றாயிற்று. கோல்கள் மளமளவென்று பெருகின. ஆனால் இந்த விதி எல்லா முன்னணி வீரர்களுக்கும் பொது. வாய்ப்பு எல்லோருக்கும் வந்தது. அறுபது ஒருவருக்குத்தான் வந்தது.

இரண்டாவது காரணம் துணைவர்கள். அன்றைய அணியில் முன்வரிசையில் ஐவர் நிற்பர். நடுவில் நிற்கும் டீனுக்கு வலப்புற ஓரத்திலிருந்து டெட் கிரிச்லியும், இடப்புற ஓரத்திலிருந்து அலெக் டிரூப்பும் பந்தை உயர்த்தி அனுப்பினர். டிரூப் ஸ்காட்லாந்துக்காரர், மிகக் குள்ளமானவர், தோள்பட்டை எலும்பு பலவீனம் என்பதால் கட்டுப் போட்டுக்கொண்டே ஆடியவர். அவருடைய கால் பந்தை உதைத்தால் அது டீனின் தலையைத் தேடி வரும். தம் கோல்களில் பெரும் பங்கு டிரூப்புக்கு உரியது என்று டீன் எப்போதும் நன்றியோடு சொல்வார்.

மூன்றாவது காரணம் தலை. அக்காலத்துப் பந்து தடித்த தோலால் ஆனது. மழையில் நனைந்தால் கனத்துவிடும். காற்றுப் பையை உள்ளே வைத்து மேலே தோல்வாரால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். அந்த வார் முடிச்சு நெற்றியில் பட்டால் தோல் கிழியும். அந்தப் பந்தை, தம்மைவிட உயரமான பின்னணியினருக்கு நடுவே எம்பி, அவர்கள் தோளுக்கு மேலே நின்றாற்போல் நின்று, கழுத்தைத் திருப்பி, வேண்டிய மூலைக்கு அனுப்புவார் டீன். மற்றவர் காலால் அடிக்கும் வேகம் அவர் தலையடியில் இருந்தது. ஒரு வருஷத்துக்கு முன்னே பிளந்த தலை அது என்பதை மறக்கக் கூடாது.

1927-28 பருவம் தொடங்கியது. முதல் ஒன்பது ஆட்டங்களில் ஒன்றிலேனும் அவர் கோல் அடிக்காமல் இல்லை. ஒன்பதாம் ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தை எவர்ட்டன் 5-2 என்று வென்றது. ஐந்தும் டீன் அடித்தவை. அடுத்த பிப்ரவரியில் அண்டைக் கழகமான லிவர்ப்பூலின் திடலுக்கே சென்று மூன்று கோல்கள் அடித்து, ஆட்டத்தை 3-3 என்று சமன் செய்தார்.

அதற்கு முந்தைய ஆண்டில்தான் மிடில்ஸ்பரோ கழகத்தின் ஜார்ஜ் கேம்செல் இரண்டாம் பிரிவில் 59 கோல்கள் அடித்து ஒரு சாதனையை நாட்டியிருந்தார். அது உடனே முறியும் என்று யாரும் எண்ணவில்லை. இரண்டு ஆட்டங்கள் மிஞ்சியிருந்தபோது டீனின் கணக்கு 53. பர்ன்லியில் நடந்த ஆட்டத்தில் நான்கு கோல்கள் அடித்து 57 ஆக்கினார். ஒரே ஆட்டம் பாக்கி. மூன்று கோல்கள் வேண்டும். எதிரி ஆர்சனல்.

1928 மே 5. குடிசன் பார்க்கில் கால் வைக்க இடமில்லை. லீக் பட்டம் எவர்ட்டனுக்கு உறுதியாகிவிட்டது. ஆகவே கூட்டம் ஒரே ஓர் எண்ணுக்காகக் காத்திருந்தது. ஆர்சனல் முதலில் கோல் அடித்தது. உடனே டீன் ஒன்றைத் திருப்பினார்: 58. சற்று நேரத்தில் ஒரு பெனால்டி. அதையும் அடித்தார்: 59. கேம்செலோடு சமன். பிறகு ஆர்சனலும் சமன் செய்தது. இடைவேளை கழிந்தது. நேரம் ஓடியது. பந்து வந்தது, போயிற்று, கோல் விழவில்லை. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது இடப்பக்கத்தில் எவர்ட்டனுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. டிரூப் உதைத்தார். கூட்டத்துக்கு நடுவே ஒரு தலை உயர்ந்தது. பந்து வலைக்குள் கிடந்தது. அறுபது.

அதன்பின் ஆர்சனல் மற்றொரு கோல் அடித்து 3-3 என்று ஆட்டத்தை முடித்ததை நினைவில் வைத்திருப்பவர் சிலரே. எவர்ட்டன் அந்தப் பருவத்தில் அடித்த கோல்கள் 102. அவற்றுள் 60 டீனுடையவை. அந்த வாரமும் அவருக்குக் கூலி எட்டுப் பவுன்தான். திடலுக்கே வராத காயமடைந்த மாற்று வீரருக்கும் அவருக்கும் உச்ச வரம்பு ஒன்றே.

வீழ்ச்சியும் எழுச்சியும்

வெற்றி நிலைக்கவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1930 இல், எவர்ட்டன் கடைசி இடத்தைப் பெற்று இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. அதன் வரலாற்றில் அதுவே முதன்முறை. டீன் அந்தப் பருவத்தில் காயங்களால் பல ஆட்டங்களில் ஆட முடியவில்லை. அவர் கழகத்தைவிட்டு ஓட வழி தேடவில்லை. அடுத்த பருவத்தில் இரண்டாம் பிரிவில் 37 ஆட்டங்களில் 39 கோல்கள் அடித்தார். எவர்ட்டன் முதலிடம் பெற்று மேலேறியது. மறு ஆண்டே, 1931-32 இல், 45 கோல்கள் அடித்தார். எவர்ட்டன் முதற் பிரிவின் பட்டத்தை வென்றது. அதற்கு மறு ஆண்டு, 1933 இல், வெம்ப்ளியில் நடந்த எஃப். ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் சிட்டியை 3-0 என்று தோற்கடித்தது. தலைவராக நின்று கோப்பையைப் பெற்றவர் டீன். மூன்று கோல்களில் ஒன்று அவருடையது. மூன்று ஆண்டுகளில் மூன்று வெற்றிகள்!

எஃப். ஏ. கோப்பை இறுதி ஆட்டங்களில் முதன்முறையாக அந்த ஆட்டத்தில்தான் எல்லா வீரர்களும் முதுகில் எண் அணிந்தனர். எவர்ட்டனுக்கு 1 முதல் 11. சிட்டிக்கு 12 முதல் 22. நடு முன்னணியில் நின்ற டீனுக்கு 9. இன்று நாம் கோல் அடிக்கும் வீரரை ஒன்பதாம் எண்ணோடு இணைத்துப் பேசுகிறோமே, அந்த எண்ணை அத்தகைய மேடையில் முதலில் அணிந்தவர்களுள் அவரும் ஒருவர்.

அவரைத் தடுக்கப் பின்னணியினர் கையாளாத முறை இல்லை. இடித்தனர், உதைத்தனர், இடறிவிட்டனர். உடம்பில் அறுவை சிகிச்சைத் தழும்புகள் பெருகின. ஆனால் தம் தொழில் வாழ்வு முழுவதிலும் அவர் ஒருமுறைகூட நடுவரால் எச்சரிக்கப்பட்டதில்லை. திடலைவிட்டு வெளியேற்றப்பட்டதும் இல்லை. 1936 இல், ஸ்டீவ் புளூமர் என்ற பழைய வீரரின் 352 லீக் கோல்கள் என்ற கணக்கையும் அவர் கடந்தார். எவர்ட்டனுக்காக மொத்தம் 399 லீக் ஆட்டங்கள்; 349 கோல்கள்.

ஒரு வார்த்தை அவர் பெயரைப் பற்றி. டிக்ஸி என்ற பட்டப்பெயர் அவருக்குப் பிடிக்காது. அது அமெரிக்காவின் தென் பகுதியைக் குறிக்கும் சொல். அவருடைய கருத்த நிறத்தையும் சுருள் முடியையும் சுட்டியே அப்பெயர் வந்தது என்பர். அறிந்தவர்கள் தம்மைப் பில் என்று அழைப்பதையே அவர் விரும்பினார். ஆனால் கூட்டம் வைத்த பெயரைக் கூட்டமே மாற்ற வேண்டும், அது மாற்றவில்லை.

இடம் கொடுத்தவர்

1937 தொடக்கத்தில் எவர்ட்டன் பர்ன்லியிலிருந்து பதினேழு வயது டாமி லாட்டனை 6,500 பவுன் கொடுத்து வாங்கியது. அவரும் நடு முன்னணி வீரர். தலையால் அடிப்பதில் வல்லவர். எதற்காக வாங்கினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். டீனுக்கும் தெரியும்.

இந்த இடத்தில்தான் அவருடைய மனத்தின் அளவு வெளிப்படுகிறது. லாட்டன் வந்ததும் டீன் அவரைத் தனியே அழைத்து, தம் இடத்தைப் பிடிக்கவே அவர் வந்திருக்கிறார் என்பது தமக்குத் தெரியும் என்றும், தம்மால் இயன்ற உதவியை எல்லாம் செய்வதாகவும் சொன்னார். சொன்னபடியே செய்தார். எம்பும் நேரத்தையும், பந்தை நெற்றியில் வாங்கும் முறையையும் பொறுமையோடு பழக்கினார். அந்தப் பையன் அடுத்த இரண்டு பருவங்களிலும் முதற் பிரிவில் எல்லோரையும்விட அதிகக் கோல்கள் அடித்தான். 1939 இல் எவர்ட்டன் மீண்டும் பட்டம் வென்றது. அப்போது டீன் அங்கே இல்லை.

1938 மார்ச்சில் அவரை நாட்ஸ் கவுண்டி என்ற மூன்றாம் பிரிவுக் கழகத்துக்கு விற்றுவிட்டார்கள். விலை மீண்டும் 3,000 பவுன். நிர்வாகத்தோடு சில காலமாகவே மனக்கசப்பு இருந்து வந்தது. பதின்மூன்று ஆண்டு உழைத்த தலைவருக்கு வழியனுப்பு விழா எதுவும் நடக்கவில்லை. புதிய கழகத்தில் காயங்களால் ஒன்பது லீக் ஆட்டங்களே ஆட முடிந்தது. 1939 இல் அயர்லாந்தின் ஸ்லைகோ ரோவர்ஸ் கழகத்தில் சில ஆட்டங்கள் ஆடி, அதைக் கோப்பை இறுதிப் போட்டி வரை கொண்டு சேர்த்தார். பிறகு உலகப் போர் வந்தது. ஆட்டம் முடிந்தது.

பிந்திய நாட்கள்

போருக்குப் பின் செஸ்டர் நகரில் ‘டப்ளின் பாக்கெட்’ என்ற மதுக்கடையை நடத்தினார். வந்தவர்கள் குடித்துக்கொண்டே பழைய கோல்களைப் பற்றிக் கேட்பார்கள். அவரும் சலிக்காமல் சொல்வார். பிறகு லிவர்ப்பூலில் லிட்டில்வுட்ஸ் நிறுவனத்தில் வாயிற்காப்போராக வேலைக்குச் சேர்ந்தார். கால்பந்து முடிவுகளை முன்கூட்டிக் கணித்துப் பணம் கட்டும் பந்தயச் சீட்டுகளை நடத்திய நிறுவனம் அது. அதன் உரிமையாளர் ஜான் மூர்ஸ் பின்னாளில் எவர்ட்டன் கழகத்துக்கும் தலைவரானார். டீன்மீது மதிப்புக் கொண்டவர். கால்பந்தால் கோடி சேர்த்த கட்டடத்தின் வாயிலில் அறுபது கோல் அடித்தவர் சீருடையில் நின்றார். பார்ப்பவருக்கு அது துயரமாகத் தோன்றலாம். டீன் அதைக் குறைவாகக் கருதியதாகத் தெரியவில்லை. இரவு வேலை கேட்டு வாங்கிய ரயில்வேப் பையனுக்கு எந்த வேலையும் வேலைதான்.

வீரர்களின் சங்கம் நெடுங்காலம் போராடி 1961 இல் சம்பள வரம்பை ஒழித்தது. 1963 இல் ஜார்ஜ் ஈஸ்ட்டம் என்ற வீரர் தொடுத்த வழக்கில், ஒப்பந்தம் முடிந்தவரைக் கட்டிவைக்கும் முறையும் நியாயமற்றது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டீனுக்கு இரண்டாலும் பயனில்லை. அவர் ஆடி ஓய்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. 1964 இல் குடிசன் பார்க்கில் அவருக்கென ஒரு நிதி ஆட்டம் நடந்தது. அவர் ஆடியதைக் கண்ணால் கண்டிராத இளைஞர்களும் பெருந்திரளாக வந்தனர். கழகம் கொடுக்காமல் விட்ட விடையை ஊர் கொடுத்தது.

1976 இல் இரத்த ஓட்டக் கோளாறால் அவருடைய வலக்காலை எடுக்க வேண்டியதாயிற்று. எத்தனையோ கோல்களை அடித்த கால். அதன்பின் வெளியே செல்வது குறைந்தது. 1980 மார்ச் 1 ஆம் நாள் எவர்ட்டனுக்கும் லிவர்ப்பூலுக்கும் குடிசன் பார்க்கில் ஆட்டம். பார்க்க வந்திருந்தார் டீன். அங்கேயே மாரடைப்பு ஏற்பட்டு உயிர் நீங்கிற்று. வயது 73. எட்டு வயதில் தந்தையின் கைபிடித்து நுழைந்த அதே திடல்.

2001 இல் அத்திடலின் வெளியே அவருக்குச் சிலை வைத்தார்கள். 2025 இல் எவர்ட்டனின் ஆடவர் அணி 1892 முதல் தன் வீடாக இருந்த குடிசன் பார்க்கைவிட்டு, மெர்ஸி ஆற்றங்கரையில் புதிய அரங்குக்குக் குடிபெயர்ந்தது. ஆற்றுக்கு அப்பால் தெரிவது பர்க்கன்ஹெட் வட்டாரம்.

இன்று ஒரு நல்ல முன்னணி வீரர் ஒரே வாரத்தில் பெறும் பணத்தை டீன் தம் ஆட்ட வாழ்வு முழுவதிலும் கண்டதில்லை. இன்றைய வீரர் பெறுவது தவறு என்று சொல்ல வரவில்லை. திடலை நிரப்புகிறவன் அதன் பலனில் பங்கு கேட்பது நியாயமே. அந்த நியாயம் தாமதமாகவேனும் வென்றது நல்லதே. ஆனால் சாதனை நூலில் ‘60’ என்ற எண்ணைக் காணும்போது, அதன் பக்கத்தில் ‘8’ என்ற எண்ணையும் எழுதிப் பார்ப்பது நமக்கு நல்லது. அவ்விரண்டு எண்களுக்கும் இடையே, தோள்பட்டையில் கட்டுப் போட்ட டிரூப்பும், இடத்தை வாங்கிக்கொண்ட லாட்டனும், ஒரு ஷில்லிங் கொடுத்து நின்ற பல்லாயிரவரும் இருக்கிறார்கள். அவர்கள் எவரிடமும் கணக்குக் கேட்காமல் தம் வேலையைச் செய்து முடித்த ஒரு தொழிலாளி டிக்ஸி டீன்.